நேரலையில் வாசித்த ஓலை

எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் எண்ணிப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். கத்தோலிக்கக் குடும்பம். தாலி ஏறுவதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று பூசை முடிகிற சமயத்தில் உபதேசியார் வாசிப்பார். பெண் வீட்டுக் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் வாசிப்பார்கள். அதைக் கேட்டு யாரும் எழுந்து எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஜனங்கள் அந்த நேரத்தில் செருப்பை எங்கே விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஓலை வாசித்தபோது நான் திண்டுக்கல்லில் எங்கள் கோயிலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே ஞாயிறு மாப்பிள்ளை ஊரில் என் பெயரை எப்படி வாசித்தார்கள், கேட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்களா சிரித்தார்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. என் மகளுக்கு வழி இருந்தது.

மாப்பிள்ளைக்கு எரியோட்டைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். சில வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருந்தார். அந்த ஊர்க் கோயிலில் கொரோனா சமயத்தில் ஒரு காமிராவை மாட்டி, ஞாயிறு பூசையை லைவ் போட ஆரம்பித்தார்கள். நோய் போன பிறகும் காமிராவை யாரும் கழற்றவில்லை. நடக்க முடியாதவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லாரும் அதில்தான் பூசை காண்கிறார்கள். பூசை ஓடும்போதே பக்கத்தில் ஆமென், அல்லேலூயா, கும்பிடும் கை என்று வந்துகொண்டே இருக்கும். பிரசங்கத்தின் நடுவே ஒருவர், "அண்ணே, அங்க மழையா?" என்று கேட்பார். இன்னொருவர் அதற்குப் பதிலும் போடுவார். பூசையில் பேசினால் காதைத் திருகுகிற கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். இதையெல்லாம் பார்த்து எனக்கு வாய் துறுதுறுக்கும். நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்தான்.

முதல் ஓலையை நாங்கள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். மகளின் பெயர் வந்ததும் என் வீட்டுக்காரர் கை தட்டினார். மகள் டிவியையே போட்டோ எடுத்துக்கொண்டாள். இந்த லைவைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று அன்றைக்கு நான் வாயாரச் சொன்னேன்.

இரண்டாம் ஓலையன்று என் தங்கையும் வந்திருந்தாள். உபதேசியார் வாசித்து முடித்தார். திரையில் மாப்பிள்ளை தன் அம்மா பக்கத்தில், இரண்டாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு வரி வந்தது.

"இவருக்கு வெளிநாட்டில் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது. இந்த ஓலை செல்லாது."

பெயருக்குப் பதிலாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து, முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ. அதற்கு அடுத்த வரியில் யாரோ வழக்கம்போல ஆமென் போட்டிருந்தார்கள்.

கோயிலுக்குள் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தார், சிரித்த முகத்தோடு. இங்கே எங்கள் ஹாலில் என் தங்கை அந்த வரியை இரண்டாம் தரம் உரக்க வாசித்தாள். என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார்.

"டிவியத்தானப்பா அணைச்சீங்க," என்றாள் மகள்.

அவள் சொன்னது சரி. டிவி அணைந்த சூட்டோடு போன் அடிக்க ஆரம்பித்தது. என் நாத்தனார் அந்த வரியைப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, கீழே 'இது உண்மையா?' என்று கேட்டிருந்தாள். என்னிடம் கேட்கத் தோன்றவில்லை, ஊரிடம் கேட்டிருக்கிறாள். அடுத்தடுத்துப் பேசியவர்கள் எல்லாரும் இழவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள். "இப்பவே தெரிஞ்சுச்சே, ஆண்டவருக்கு நன்றி சொல்லு" என்றாள் ஒருத்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சோபாவில் விட்டெறிந்தேன்.

"மொட்டைக் கடுதாசிதான் இது. அந்தக் காலத்துல தபால்ல வரும், இப்ப லைவ்ல வருது. பொறாமை பிடிச்ச நாய் எவனாவது போட்டிருப்பான்," என்றார் வீட்டுக்காரர். சொன்னாரே தவிர, அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. துபாயில் மாப்பிள்ளை இருந்தது உண்மைதானே. அங்கே என்ன செய்தார், யாரோடு இருந்தார் என்று எங்களில் யார் போய்ப் பார்த்தோம்? பையன் நல்லவன் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு பேரும் எரியோட்டில் இருக்கிறவர்கள். மகள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் மாப்பிள்ளைக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். பூசைக்காக அணைத்து வைத்திருந்த போன் இன்னும் உயிர் பெறவில்லை.

"கிளம்புங்க, போவோம்," என்றாள்.

"நீ எதுக்குடி? நாங்க போயிட்டு வாரோம். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு அந்த ஊர்ல காலு வைக்கக் கூடாது," என்றேன்.

"எனக்கு வாசிச்ச ஓலைம்மா அது. நான் வராம?"

கறிக்குழம்பை மூடக்கூட இல்லை. அப்படியே காரில் ஏறினோம். பின் சீட்டில், சின்னாளபட்டியில் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கென்று எடுத்த சேலைப் பை இறக்காமலே கிடந்தது. வேடசந்தூர் ரோட்டில் கார் குலுங்கும்போதெல்லாம் அது சரிந்து என் மேல் விழுந்தது. நான் அதைப் பிடித்துப் பிடித்துத் தள்ளினேன்.

கோயிலை ஒட்டிய சாமியார் பங்களாவில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் எங்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் அதற்குள் அவர்களுக்கும் வந்து சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்குமுன் என் மகள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"உண்மையா?"

"இல்ல."

"சரி."

அவ்வளவுதான். போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை தன் போனைத் திறந்து அவளிடம் நீட்டினார். "எல்லாம் இதுல இருக்கு. துபாய்ல இருந்தப்ப எடுத்த போட்டோ, பேசினது, எல்லாம். நீயே பாரு." அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் நீட்டியிருந்தால் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருப்பேன். என்னிடம் யாரும் நீட்டவில்லை.

பங்குச் சாமியாருக்கு என் மாணவராக இருக்கக்கூடிய வயது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டீச்சர், லைவ்ல தடை சொன்னா அது தடையா இல்லையான்னு எங்களுக்குச் செமினரில சொல்லித் தரல. ஆனா ஓலையக் கேட்ட யாரும் சொல்லலாம்னுதான வாசிக்கிறோம்? அந்த ஆளும் கேட்டிருக்கு. விசாரிக்காம விட எனக்கு மனசு ஒப்பல."

அந்த வரிக்குக் கீழேயே தன் நம்பரைப் போட்டு, பேசச் சொல்லியிருந்தார். பதிலும் வந்திருந்தது. எழுதியது ஒரு பெண். மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை. சாயங்காலம்தான் கை ஒழியும், வீடியோவில் வருகிறேன், எனக்கு ஒன்றும் ஒளிக்க இல்லை என்று எழுதியிருந்தாள்.

ஒளிக்க இல்லை என்று எழுதுகிறவள் பொய் சொல்கிறவளாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா சாப்பாட்டைப் பங்களாவுக்கே கொண்டு வந்தார். "மதினி, ஒரு வாய் சாப்பிடுங்க. வெறும் வயித்தோட இருக்காதீங்க." நான் பசியில்லை என்றேன். விஷயம் தெரியாமல் அந்த வீட்டுச் சோற்றில் கை நனைக்க எனக்கு முடியாது. என் வீட்டுக்காரரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். என் மகள் இலையைப் போட்டு உட்கார்ந்தாள். ரசம் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டாள். "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைங்கத்தை," என்று பொரியலைக் கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளையின் அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டே அழுதார். இவ்வளவு அழுத்தக்காரியை நான்தான் பெற்றேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கின பிறகு போன் வந்தது. சாமியார் அதை மேசையில் ஒரு தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தார். தலையில் துணி கட்டிய ஒரு பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். பின்னால் சுவர் முழுக்க ஸ்டீல் பாத்திரம்.

"தோத்திரம் சாமி," என்றாள். பேச்சு கடலூர்ப் பக்கம். "நான் பொய் எழுதல சாமி. மாப்பிள்ளைன்னு நீங்க வாசிச்ச பேரு, அவங்க அப்பா பேரு, ஊரு, எல்லாம் அவருதுதான். இங்கதான் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். வேலை போனதும் ஊருக்குக் கிளம்பினார். ஊர்ல கோயில்ல ஓலை எழுதிட்டுக் கூப்பிடறேன், முறையா மந்திரிச்சுத் தாலி கட்டிக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனார். அப்புறம் போன் இல்ல. நம்பரும் இல்ல. அவர் ஊர்க் கோயில் பூசை லைவ்ல வருதுன்னு அவர்தான் ஒரு தடவை காட்டியிருந்தார். அதனால ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாக்கறேன் சாமி. போன வாரந்தான் இந்த வீட்டுல விருந்து, பாக்க முடியல. கடைசில ஓலை வாசிக்கறவரைக்கும் பாப்பேன். எங்க ரெண்டு பேர் பேரும் வருமான்னு."

தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னைக்கு அவர் பேர் வந்துச்சு. கூட வேற பொண்ணு பேர் வந்துச்சு."

சாமியார் போனை எடுத்து மெதுவாக மாப்பிள்ளையின் பக்கம் திருப்பினார். அவள் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். மாப்பிள்ளை கண்ணைத் தாழ்த்தாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் செத்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை.

"இவர் இல்ல," என்றாள். "சாமி, இவர் இல்ல சாமி. இவரை நான் பார்த்ததே இல்ல." இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, ஒண்ணும் அறியாத பிள்ளைங்க கல்யாணத்துல இப்படிப் பண்ணிட்டேனே."

என் வீட்டுக்காரர் சத்தமாக மூச்சு விட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை கால் லேசாகிறது. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் தெளிந்தார்.

"சாமி, இது டெய்லர் வீட்டுக்காரன்ல? அவனுக்கும் இதே பேரு, அவுக அப்பனுக்கும் இவுக அப்பா பேருதான? அவனுந்தான் மஸ்கட்டுக்குப் போனான்!"

அந்த ஊரில் கோயில் எந்தப் புனிதருக்கோ, பாதி ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் புனிதர் பெயர். மீதிப் பாதிக்கு அவர் பெயரோடு இன்னொன்று சேர்ந்திருக்கும். அதே அப்பா பெயரும் அதே பிள்ளை பெயரும் அமைந்த வீடே மூன்று இருக்கிறது. ஊருக்குள்ளே யாரும் குழம்ப மாட்டார்கள். இவர்கள் பம்புசெட்டு வீடு, அவர்கள் டெய்லர் வீடு, அவ்வளவுதான். ஆனால் ஓலையில் ஞானஸ்நானப் பெயரைத்தான் வாசிப்பார்கள். கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது போதும். காமிரா வழியாக மஸ்கட்டுக்குப் போகும்போது அது போதவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

காரில் வரும்போது அந்த ரோஜாப்பூவைத் திட்டுவதற்கு நான் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். எட்டாம் வகுப்பே நடுங்குகிற வாய் என்னுடையது. போனைக் கையில் வாங்கி, "நான் பொண்ணோட அம்மா," என்றேன். அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டு விழட்டும் என்று காத்திருக்கிற முகம். வகுப்பில் எத்தனையோ முறை பார்த்த முகம்.

"உம் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். அவள் அப்பா பெயரையும் கேட்டேன். அதையும் சொன்னாள்.

போனை வைத்த பிறகு, "மதினி, சோறு இருக்கா?" என்று கேட்டேன். ஆறிப் போன சோற்றில் ஆறிப் போன குழம்பை ஊற்றி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். என் மகள் எனக்கு அப்பளம் எடுத்து வந்து வைத்தாள். "மெதுவாம்மா," என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அவள் அழுதாள். காலையிலிருந்து வைத்திருந்ததையெல்லாம் என் தோளில் கொட்டினாள். எச்சில் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். சேலைப் பை காரிலிருந்து இறங்கியது.

அந்தப் பெண் தான் எழுதிய வரியை அன்றைக்கே அழித்துவிட்டாள். ஆனால் படம் பிடித்தவர்கள் போனில் அது இருந்தது. குடும்பக் குரூப்பில் நான் நடந்ததை நீளமாக எழுதிப் போட்டேன். காலையில் துள்ளிய கூட்டத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது இரண்டு மூன்று பேர்தான். என் நாத்தனார் ஒரு பூங்கொத்து அனுப்பினாள். அவளை நான் கல்யாணத்தில் கவனித்துக்கொண்டேன், முதல் பந்தியில் உட்காரவைத்து எல்லார் முன்னாலும், "உண்மைதானா இது, நல்லாக் கேட்டுட்டுச் சாப்பிடு" என்று.

ஆனால் அதற்கு முன்னால் மூன்றாம் ஓலை இருந்தது.

அந்த ஞாயிறு ஹாலில் டிவியைப் போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் தகராறு. போட்டோம். யாரும் கை தட்டவில்லை. உபதேசியார் மாப்பிள்ளை பெயரை வாசித்து, அப்பா பெயரை வாசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பம்புசெட்டு வீடு" என்றும் சேர்த்துக்கொண்டார். கோயிலில் குபீரென்று சிரிப்பு. சாமியார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்கிற இடம் வந்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே நிறுத்தினார். இரண்டாவது வரிசையில் நின்ற மாப்பிள்ளை காமிராவையே திரும்பிப் பார்த்தார்.

ரோஜாப்பூ வந்தது.

"எனக்குத் தெரிந்து தடை எதுவும் இல்லை. பிள்ளைகள் நல்லா இருக்கட்டும்."

அதற்குக் கீழே இன்னொருவர், தடை இல்லை என்று போட்டார். திருப்பூரிலிருந்து ஒருவர். சவூதியிலிருந்து ஒருவர். எரியோட்டிலிருந்தே ஒருவர், கோயிலுக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டு. தடை இல்லை, தடை இல்லை என்று அது ஏறிக்கொண்டே போனது. இத்தனை காலமாகக் கோயிலில் கேட்பதெல்லாம் தடை இருக்கிறதா என்றுதான். இல்லை என்பதை வாய்விட்டு யாரும் சொன்னதே கிடையாது, பேசாமல் இருந்தால் போதும். அன்றைக்குச் சொன்னார்கள். என் மகள் போனை எடுத்து அந்த ரோஜாப்பூவுக்குப் பதில் எழுதினாள்: "உங்க ஓலை வாசிக்கிற அன்னைக்கு நாங்களும் இருப்போம் அக்கா."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிரியாணி கொஞ்சம் பத்தவில்லை.

டெய்லர் வீட்டுக்காரனைச் சாமியார் திருப்பூரில் தேடிப் பிடித்தார். வேலை போய்விட்டது, கையில் ஒன்றும் இல்லை, எந்த முகத்தோடு அவளுக்குப் பேசுவது என்று சும்மா இருந்துவிட்டேன் என்றானாம். சும்மா இருந்தானாம்! அங்கே ஒருத்தி ஞாயிற்றுக்கு ஞாயிறு உட்கார்ந்து தன் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், இவன் சும்மா இருந்தானாம். எனக்கு அவன் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அவள் என்ன சொன்னாள், அவர்களுக்குள் எப்படிப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் பாடு.

எங்கள் கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்த பிறகும், சமையலறையில் போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்து மாப்பிள்ளை ஊர்ப் பூசையையும் ஓட விடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிரசங்கம் கேட்க மாட்டேன். கடைசியில் ஓலைக்கு மட்டும் அடுப்பைக் குறைப்பேன். போன ஞாயிறு உபதேசியார் வாசித்தார்: அதே பெயர், அதே அப்பா பெயர், டெய்லர் வீடு. அதற்குப் பிறகு, நான் அன்றைக்குப் போனில் கேட்டு வைத்த பெண் பெயர். அவள் அப்பா பெயர்.

உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தேன். அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் உபதேசியார் கேட்டது அது இல்லை. முந்திக்கொண்டு, யாரும் போடுவதற்கு முன்னால், தடை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.